ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுக்க வேண்டிய இரண்டு மில்லி: ஒரு தலசீமியாக் குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

ஒன்பது மாதப் பெண் குழந்தை. எடை 6.7 கிலோ. இரண்டு மாதமாக முகம் வெளுத்துக்கொண்டே வருகிறது. பால் குடிக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் களைத்துப்போய் விட்டுவிடுகிறாள். சளியும் காய்ச்சலும் மாறி மாறி வருகின்றன. ஊரில் பார்த்த மருத்துவர் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து ஆறு வாரமாகிறது. வெளுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. பெற்றோர் தாய்மாமனும் அக்காள் மகளும். இதுவே முதல் குழந்தை. தாய் இப்போது மறுபடியும் எட்டு வாரக் கர்ப்பிணி.

இந்த நிகழ்வை அவசரமாக்குவது கடைசித் தகவல்தான். குழந்தைக்கு என்ன நோய், அது எந்த மரபணுப் பிழையால் வந்தது, பெற்றோர் இருவரிடமும் அந்தப் பிழை இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் நான்கு வாரத்துக்குள் எழுத்தில் பதில் கிடைத்தாக வேண்டும்.

இங்கே சொல்லப்படுவது ஒரு குறிப்பிட்ட குடும்பம் அல்ல. ஹீமோகுளோபினைச் சரியாகக் கட்ட முடியாத பரம்பரை ரத்த நோயான தலசீமியாவுக்கென்று உள்ள பிரிவுகளுக்கு வரும் குடும்பங்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்த மாதிரி. சோதனை எண்கள் இந்த நோயில் வழக்கமாக வரும் அளவுகளுக்குள் வைக்கப்பட்டுள்ளன. பரம்பரை நோய்களைப் பற்றிக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவத்தில் தெளிவான பதில் உண்டு. ஆனால் அந்தப் பதிலைத் தரும் சோதனை ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் இருக்கிறது. அந்தக் காலம் எங்கே கைநழுவுகிறது என்பதைக் காட்டத்தான் இந்த ஆய்வு.

முதல் நாள்

வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது மண்ணீரல் இடது விலாவுக்குக் கீழே நான்கு சென்டிமீட்டர், கல்லீரல் வலது விலாவுக்குக் கீழே மூன்று சென்டிமீட்டர். நோயைப் பற்றிய முதல் துப்பு இதுதான். வெறும் இரும்புச்சத்துக் குறைவில் மண்ணீரல் இவ்வளவு பெரிதாவதில்லை. வெளுத்த குழந்தை வந்தால் வயிற்றைத் தொட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் ஆறு வாரத்துக்கு முன்பே கிடைத்திருந்தால் சொட்டு மருந்து எழுதப்பட்டிருக்காது.

முழு ரத்த அணு எண்ணிக்கையில், அதாவது எல்லாரும் சி.பி.சி. என்று சொல்லும் சோதனையில், ஹீமோகுளோபின் 5.1 கிராம். சிவப்பணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 26 லட்சம். சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவான எம்.சி.வி. 62. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது 70-க்கு மேல் இருக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் பரப்பிய ரத்தத்தில் வெளிறிய, சிறிய, உருக்குலைந்த சிவப்பணுக்கள், நடுவில் புள்ளி வைத்தாற்போன்ற இலக்கு அணுக்கள், உட்கரு இன்னும் நீங்காத முதிராத சிவப்பணுக்கள். உடலில் சேர்த்துவைத்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 240. உடலில் இரும்பு போதுமான அளவு இருக்கிறது, அதைக் கொண்டு ஹீமோகுளோபின் கட்டத்தான் முடியவில்லை என்று இந்த எண் சொல்கிறது.

ஹீமோகுளோபின் 5.1 உள்ள குழந்தைக்கு ரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும். வீட்டாரும் அதையே வற்புறுத்துவார்கள். அதற்கு முன் ஊதா மூடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். ஏற்றிய ரத்தத்தில் வரும் சிவப்பணுக்கள் கொடையாளியுடையவை. அவை வாரக்கணக்கில் குழந்தையின் உடலில் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் பிறகு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனை செய்தால் பாதி கொடையாளியின் ரத்தத்தையே காட்டும். கடைசியாக ரத்தம் ஏற்றி மூன்று மாதம் கழியாமல் அந்த அறிக்கையை நம்ப முடியாது. மூன்று மாதம் ரத்தமில்லாமல் இந்தக் குழந்தையால் இருக்க முடியாது.

ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது என்றால் என்ன செய்வது? கதவு அடைபட்டுவிடவில்லை. பெற்றோர் இருவருக்கும் எச்.பி.எல்.சி. செய்தால் போதும், படம் பெரும்பாலும் தெளிவாகிவிடும். மரபணுச் சோதனைக்கு வெள்ளணுக்களின் டி.என்.ஏ.வே பயன்படுவதால் அதையும் தொடரலாம். வெளி மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிவிட்டு வரும் குழந்தைகளுக்கு இந்த வழியில்தான் நோய் உறுதியாகிறது.

ஏற்றுவதற்கு முன் எடுத்து வைத்த ரத்த மாதிரியிலிருந்து சிவப்பணுக்களின் விரிவான வகைப்பாட்டையும் செய்துகொள்ள வேண்டும். ஏ, பி, ஓ, ஆர்.எச். மட்டும் போதாது. ஆர்.எச். குடும்பத்தின் மற்ற உறுப்புகளும் கெல் என்ற இன்னொரு ரத்த வகையும் தெரிந்திருந்தால், பின்னாளில் குழந்தையின் உடல் கொடையாளி ரத்தத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும்போது பொருத்தமான ரத்தம் தேடுவது எளிது. இருபது முறை ஏற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஏற்றும் அளவிலும் கவனம் வேண்டும். வழக்கமான அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி செறிவூட்டிய சிவப்பணுக்கள். இந்தக் குழந்தையின் இதயம் பல வாரமாக வேகமாகத் துடித்துக் களைத்திருக்கிறது. முழு அளவையும் ஒரே தடவையில் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் முதல் நாள் கிலோவுக்கு 5 மில்லி, அதாவது 34 மில்லி, நான்கு மணி நேரத்தில். மறுநாள் அதேபோல் இன்னொரு முறை. வெள்ளணுக்களை வடிகட்டிய ரத்தமாக இருக்க வேண்டும். சித்தப்பா, மாமா ரத்தம் தருகிறேன் என்று முன்வந்தால் நன்றி சொல்லி, ரத்த வங்கியின் பொதுக் கணக்கில் கொடுக்கச் சொல்ல வேண்டும். பின்னாளில் எலும்பு மஜ்ஜை மாற்றும் வாய்ப்பு உள்ள குழந்தைக்கு நெருங்கிய உறவினரின் ரத்தத்தை ஏற்றாமலிருப்பது நல்லது. அந்த உறவின் திசுவுக்கு எதிராக உடல் முன்கூட்டியே பழகிவிடக்கூடும்.

ஐந்தாம் நாள் எச்.பி.எல்.சி. அறிக்கை வந்தது. கரு வகை ஹீமோகுளோபின் எஃப் 93 விழுக்காடு. பெரியவர்களிடம் சிறிதளவே இருக்கும் ஏ2 வகை 2.8. பெரியவர்களுக்குரிய ஏ வகை நான்கு விழுக்காட்டுக்குச் சற்று மேல். பீட்டா தலசீமியா மேஜர், அதாவது ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியைக் கட்ட முடியாத கடும் வகை.

“ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு சொன்னாங்களே?”

தாய் கேட்ட முதல் கேள்வி இது. கர்ப்பத்தில் மூன்று ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் தலை, முதுகுத்தண்டு, இதயம், கை கால் எல்லாம் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறிக்கையில் பிழையில்லை. 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேன் உடலின் வடிவத்தைப் பார்க்கிறது. ஹீமோகுளோபின் எந்த வகை என்பது ஸ்கேனில் தெரிகிற விஷயமே இல்லை.

பிறவிக் குறைபாடும் பரம்பரை நோயும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். பிறக்கும்போதே இருப்பது பிறவிக் குறைபாடு. அது பரம்பரையாக வந்ததாகவும் இருக்கலாம், கர்ப்பகால நோய்த்தொற்று, மருந்து, ஃபோலிக் அமிலக் குறைவு போன்றவற்றாலும் வந்திருக்கலாம். முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பதைப் பெருமளவு தடுக்க, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். பரம்பரை நோய் மரபணுவில் இருப்பது. அது பிறந்தவுடன் வெளியே தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை.

தலசீமியா அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் பெரும்பகுதி எஃப் வகை ஹீமோகுளோபின். அதைக் கட்ட ஆல்ஃபா, காமா என்ற இரு சங்கிலிகள் போதும். பிறந்த பிறகு காமாவின் உற்பத்தி குறைந்து அதன் இடத்துக்கு பீட்டா வர வேண்டும். ஆறு மாதத்தில் அந்த மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடும். பீட்டா சங்கிலி வராத குழந்தைக்கு அப்போதுதான் வெளுப்பு தொடங்குகிறது. துணையில்லாமல் மிஞ்சும் ஆல்ஃபா சங்கிலிகள் எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே படிந்து, வளரும் சிவப்பணுக்களைக் கொல்கின்றன. மஜ்ஜை ஈடுகட்ட முயன்று விரிகிறது. கன்னத்து எலும்பும் நெற்றியும் புடைப்பது அந்த விரிவினால். ரத்தத்தை நேரத்துக்கு ஏற்றினால் அந்த முகமாற்றம் வராது. ஆகவே மூன்றாம் மாதத்தில் கொழுகொழுவென்று இருந்த குழந்தை ஒன்பதாம் மாதத்தில் இப்படியானதற்குக் கண்ணேறோ கிரகணமோ தாய் சாப்பிட்ட எதுவோ காரணமில்லை. அதைத் தாயிடம் மட்டும் சொன்னால் போதாது. மாமியார், அத்தை என்று உடன் வந்திருப்பவர் எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு பழி எந்தப் பக்கம் சாயும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பெற்றோரின் தாள்கள்

தாயின் கர்ப்பகால அட்டையை வாங்கிப் பார்த்தால் அதில் எல்லாமே இருக்கிறது. முதல் கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 8.9. இரும்பு மாத்திரை தினம் இரண்டு. ஏறவில்லை. பிறகு நரம்பு வழியாக இரும்பு ஊசி. அதற்கும் ஏறியது அரை கிராம்தான். கொடுத்த இரும்பு ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்வியை அந்த அட்டையில் யாரும் எழுதவில்லை.

இப்போது அவருடைய சி.பி.சி.: ஹீமோகுளோபின் 10.2, சிவப்பணுக்கள் 54 லட்சம், எம்.சி.வி. 61. ரத்தம் குறைந்தவருக்கு அணுக்களின் எண்ணிக்கையும் குறைந்திருக்க வேண்டும். இங்கே எண்ணிக்கை அதிகம், அளவு சிறியது. எம்.சி.வி.யை மில்லியன் கணக்கிலான சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்தால் 61 வகுத்தல் 5.4, ஏறத்தாழ 11. இந்த விகிதம் 13-க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும், மேலே போனால் இரும்புக் குறைவை. மென்ட்சர் குறியீடு என்று பெயர். சந்தேகத்தைக் கிளப்ப மட்டுமே உதவும், எதையும் உறுதி செய்யாது. ஆனால் செலவில்லாதது. எல்லா சி.பி.சி. தாளிலும் அந்த இரண்டு எண்களும் அச்சிட்டிருக்கும். உறுதி செய்வது எச்.பி.எல்.சி.: ஏ2 வகை 5.3 விழுக்காடு. 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா கேரியர், அதாவது நோயில்லாமல் பிழையைச் சுமப்பவர்.

தந்தையின் ஹீமோகுளோபின் 13.1. யாரும் திரும்பிப் பார்க்காத எண். எம்.சி.வி. 64, சிவப்பணுக்கள் 63 லட்சம், ஏ2 5.1. அவரும் கேரியர். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து ஆண்களைச் சோதனையிலிருந்து விட்டுவிடுவதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கும் பிழை. கர்ப்பிணிக்கு ஏ2 கூடுதல் என்று தெரிந்த அன்றே கணவரின் ரத்தத்தையும் எடுக்க வேண்டும். அடுத்த மாத வருகையில் எடுக்கலாம் என்று தள்ளினால் நான்கு வாரம் போய்விடும்.

ஏ2 அறிக்கையைப் படிப்பதில் சில வழுக்கும் இடங்கள் உண்டு. 3.5 முதல் 3.9 வரை வந்தால் இல்லை என்று எழுதி மூடிவிடக் கூடாது. கடுமையான இரும்புக் குறைவு ஏ2-ஐக் கீழே இழுக்கும். உண்மையான கேரியர் 3.6 என்று காட்டப்பட்டுத் தப்பிவிடுவார். பி12 குறைவு அதை மேலே தள்ளும். சைவ உணவு மட்டும் உண்ணும் பெண்களிடம் இதை நினைவில் வைக்க வேண்டும். திருமணமாகாதவரானால் குறையைச் சரிசெய்துவிட்டு மூன்று மாதத்தில் சோதனையைத் திரும்பச் செய்யலாம். கர்ப்பிணியானால் காத்திருக்க நேரமில்லை, கணவரைச் சோதித்துவிட்டு மரபணுச் சோதனைக்குப் போக வேண்டியதுதான். ஏ2 பத்து விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் அது பெரும்பாலும் ஈ வகை ஹீமோகுளோபின். வங்காளத்திலும் வடகிழக்கிலும் அதிகம். கணவர் பீட்டா கேரியர், மனைவி ஈ கேரியர் என்றாலும் குழந்தைக்குக் கடும் தலசீமியா வரலாம். சிக்கிள் செல் எனப்படும் அரிவாளணு நோயின் கேரியருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நீலகிரியின் பழங்குடிகளிடையே அரிவாளணு நோய் 1950-களிலிருந்தே அறியப்பட்டது.

“எங்க ரெண்டு பேருக்கும் ஒரு நோயும் இல்லையே” என்று தந்தை கேட்டதற்கு இந்தத் தாள்கள்தான் பதில். பீட்டா மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு. கேரியரிடம் ஒன்று சரி, ஒன்று பிழை. சரியாக உள்ள ஒன்றே வாழ்நாள் முழுவதும் போதும். அவர் நோயாளி அல்ல. உழைக்கலாம், ஓடலாம், ஹீமோகுளோபின் 12.5-க்கு மேல் இருந்தால் ரத்தமும் கொடுக்கலாம். ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு மட்டும் வேண்டாம். இந்தியாவில் 100 பேரில் 3 முதல் 4 பேர் பீட்டா தலசீமியா கேரியர்கள். சில சமூகங்களில் இன்னும் அதிகம்.

சொந்தத்தில் கட்டியதால்தானா?

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவர்கள் இரு பக்கமும் தவறுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்பதே நேர்மையானது.

மனைவி கேரியர் என்று தெரிந்திருக்கிறது, கணவரைப் பற்றி இன்னும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அவர் உறவில்லாதவரானால் கேரியராக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 30-ல் 1. அவர் தாய்மாமன் என்றால்? மனைவியின் பிழை அவளுடைய தாய் வழி வந்திருக்க 2-ல் 1 வாய்ப்பு. அப்படி வந்திருந்தால், தாயின் உடன்பிறந்தவரான அவரிடமும் அதே பிழை இருக்க 2-ல் 1. இரண்டையும் பெருக்கினால் 4-ல் 1. மாமன் மகனோ அத்தை மகனோ ஆனால் இன்னொரு தலைமுறை விலகுவதால் 8-ல் 1. இருவரும் கேரியரானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர 4-ல் 1. ஆகவே நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு உறவில்லாத திருமணத்தில் 120-ல் 1, அத்தை, மாமன் பிள்ளைகளிடையே 32-ல் 1, தாய்மாமன் திருமணத்தில் 16-ல் 1.

இதே கணக்கை வேறு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். சொந்தத்தில் கட்டிய பெரும்பாலான தம்பதியருக்கு நலமான குழந்தைகளே பிறக்கின்றன. பொதுவாக 100 குழந்தைகளில் 2 முதல் 3 பேருக்கு ஏதேனும் பெரிய பிறவிக் குறைபாடு இருக்கும். அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் அது ஏறத்தாழ இரு மடங்காகிறது, தாய்மாமன் மணத்தில் இன்னும் கூடுகிறது. மறுபுறம், உறவே இல்லாத சிந்தி, பஞ்சாபிக் குடும்பங்களில் தலசீமியா தாராளமாகக் காணப்படுகிறது, ஏனென்றால் அங்கே கேரியர்களே அதிகம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு திருமணம் சொந்தத்துக்குள் நடக்கிறது. அதை ஒரே நாளில் மாற்ற முடியாது. இரண்டு பேருக்கும் ஒரு ரத்தச் சோதனை என்பதை அடுத்த மாதமே தொடங்கலாம்.

இருவரும் கேரியர் என்று உறுதியான பிறகு, தலசீமியாவைப் பொறுத்தவரை உறவு கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. இனி எல்லாக் கர்ப்பத்துக்கும் 4-ல் 1 நோய், 4-ல் 2 கேரியர், 4-ல் 1 முற்றிலும் பிழையற்றது. “ஒண்ணுக்கு வந்துட்டா அடுத்த மூணுக்கு வராதுல்ல?” என்ற கேள்வி எல்லாக் குடும்பத்திலும் வருகிறது. வரலாம். ஒவ்வொரு கர்ப்பமும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவதுதான், முந்தைய சீட்டு அதற்கு நினைவிருக்காது.

எட்டாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை

கருவுக்குச் சோதனை செய்ய வேண்டுமானால் முதலில் பெற்றோரின் பிழை டி.என்.ஏ.வின் எந்த எழுத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். எந்த இடத்தில் தேடுவது என்று தெரியாமல் கருவின் டி.என்.ஏ.வை எடுத்துப் பயனில்லை. இந்தியாவில் இதில் ஒரு சாதகம் உண்டு. பெரும்பாலான குடும்பங்களின் பிழை ஐந்தே வகைகளுக்குள் அடங்கிவிடுகிறது, அவற்றில் முதலிடம் பீட்டா மரபணுவின் முதல் இன்ட்ரானில் (வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதியில்) ஐந்தாவது எழுத்து ஜி-க்குப் பதில் சி என்று மாறுவது. இந்த ஓர் எழுத்து மாறினால் ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்ட வேண்டிய இடம் செல்லுக்குச் சரியாகத் தெரிவதில்லை. பெரும்பகுதி தவறாக வெட்டப்பட்டு வீணாகிறது. மிகச் சிறிது சரியாக வருகிறது. குழந்தையின் அறிக்கையில் ஏ வகை நான்கு விழுக்காடு இருந்தது அதனால்தான். இந்தக் குடும்பத்தில் தாய், தந்தை இருவரிடமும் அதே பிழை ஒவ்வொரு பிரதி, குழந்தையிடம் இரண்டு பிரதி. அறிக்கை பத்தாம் வாரக் கடைசியில் கைக்கு வந்தது.

நஞ்சுக்கொடித் திசுவை எடுப்பது 11 முதல் 13 வாரத்தில். பத்து வாரத்துக்கு முன் எடுத்தால் குழந்தையின் விரல், கை கால் குறைபடும் ஆபத்து இருப்பதால் யாரும் செய்வதில்லை. ஸ்கேனில் பார்த்தபடி வயிற்றின் வழியாக மெல்லிய ஊசி செலுத்தி, சில மில்லிகிராம் திசுவை உறிஞ்சி எடுப்பார்கள். கருச்சிதைவு ஆபத்து 100-ல் 1 அல்லது அதற்கும் குறைவு. தாய் ஆர்.எச். நெகட்டிவ் என்றால் ஆன்ட்டி-டி ஊசி மறக்கக் கூடாது. ஆய்வகத்தில் முதல் வேலை, நுண்ணோக்கியின் கீழ் தாயின் திசுத் துணுக்குகளைப் பொறுக்கி நீக்குவது. அதை விட்டுவிட்டால் தாயின் டி.என்.ஏ.வைச் சோதித்துக் குழந்தை கேரியர் என்று அறிக்கை கொடுத்துவிடும் அபாயம் இருக்கிறது. தாயின் கலப்பு இல்லை என்று தனியாகச் சோதித்து எழுதியிருக்கிறார்களா என்பதை அறிக்கையில் பார்த்து வாங்க வேண்டும். 13 வாரம் தாண்டி வந்தவர்களுக்கு 16-ஆம் வாரத்தில் பனிக்குட நீர் எடுத்துச் சோதிக்கலாம். முடிவு வர மேலும் நாளாகும், மனச்சுமையும் அதிகம்.

சட்டம் பற்றிய பயம் பலருக்கு உண்டு. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது கருவின் பாலினத்தைக் கண்டறிவதை. ஹீமோகுளோபின் நோய்களுக்கான கருச் சோதனையை அதே சட்டம் பெயர் சொல்லி அனுமதிக்கிறது, பதிவு பெற்ற மையத்தில், எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு. முடிவு நோய் என்று வந்தால் கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் தீர்மானம். 18 வயது நிறைந்தவரானால் கருக்கலைப்புக்கு அவருடைய ஒப்புதல் மட்டுமே சட்டப்படி தேவை. கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. ஆலோசனை தருபவர் எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது. நோயின் தன்மை, சிகிச்சையின் சுமை, அதன் இன்றைய வெற்றி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, நேரம் கொடுக்க வேண்டும். நேரம் கொடுக்க முடிவதற்காகத்தான் பதினோராம் வாரத்தை இவ்வளவு வலியுறுத்துவது.

இங்கே பன்னிரண்டாம் வாரத்தில் எடுத்த சோதனையில் கரு கேரியர் என்று வந்தது. கர்ப்பம் தொடர்ந்தது.

மூத்த குழந்தையின் வருங்காலம்

மூன்று முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம். ஏற்றுவதற்கு முன் பார்க்கும் ஹீமோகுளோபின் 9.5-க்குக் கீழே போகாதபடி தேதி குறிக்க வேண்டும். குழந்தை சோர்ந்த பிறகு அழைத்து வருவது என்று விட்டால் 6, 7-க்கு இறங்கித்தான் வருவார்கள். அந்த இடைவெளியில் மஜ்ஜை விரியும், மண்ணீரல் வீங்கும், வீங்கிய மண்ணீரல் ஏற்றிய ரத்தத்தையும் அழிப்பதால் தேவை இன்னும் கூடும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்க வேண்டும்.

இந்த நோயில் இன்று உயிரைப் பறிப்பது ரத்தக் குறைவைவிட இரும்பு. ஒரு மில்லி தூய சிவப்பணுவில் ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் இரும்பு இருக்கிறது. பத்து கிலோ குழந்தைக்கு ஒருமுறை ஏற்றும் 120 மில்லியில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் உள்ளே போகிறது. வளர்ந்த மனிதரின் உடலே ஒரு நாளில் வெளியேற்றுவது சுமார் ஒரு மில்லிகிராம்தான். மிஞ்சுவது கல்லீரலில், இதயத்தில், கணையத்தில், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சேரும். பத்து முதல் இருபது முறை ஏற்றிய பிறகோ ஃபெரிட்டின் 1000-ஐத் தாண்டிய பிறகோ இரும்பு நீக்கும் மருந்து தொடங்க வேண்டும், வழக்கமாக இரண்டு வயதையொட்டி. டெஃபராசிராக்ஸ் கரையும் மாத்திரை கிலோவுக்கு 20 முதல் 40 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை, வெறும் வயிற்றில், தண்ணீரிலோ பழச்சாற்றிலோ கரைத்து. பாலில் கரைக்கக் கூடாது. அடியில் தங்கியதையும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடிக்க வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் கல்லீரல் நொதிகளும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபெரிட்டினும், ஆண்டுக்கு ஒருமுறை கண்ணும் காதும். டெஃபரிப்ரோன் என்ற இன்னோர் இரும்பு நீக்கும் மருந்தை எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும், அது ஆபத்தான அளவுக்கு விழக்கூடும். ஓரளவு வளர்ந்ததும் இதயத்தில் சேர்ந்த இரும்பை எம்.ஆர்.ஐ.யில் அளக்கலாம். ஃபெரிட்டினை மட்டும் நம்பினால் இதயத்தின் நிலை தெரியாமல் போய்விடும்.

கீரை, பேரீச்சம்பழம் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வீட்டில் எல்லாரும் உண்பதைக் குழந்தையும் உண்ணட்டும். உணவில் வரும் இரும்பு, ஏற்றும் ரத்தத்தில் வருவதன் முன் சிறிது. இரும்பு டானிக்கும் இரும்பு சேர்த்த சத்துமாவும் மட்டும் வேண்டாம். ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்கும் என்று தாலிடோமைடு சில இடங்களில் கொடுக்கப்படுகிறது. 1950-களின் கடைசியிலும் 1960-களின் தொடக்கத்திலும் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கை கால் குறையோடு பிறக்கச் செய்த அதே மருந்து. கருத்தரிக்கும் வயதை எட்டிய பெண்ணுக்கு, கடுமையான கண்காணிப்பு இல்லாத இடத்தில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

முழுக் குணம் தருவது மஜ்ஜை மாற்று. இந்தியாவில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986-லிருந்து தலசீமியாவுக்கு இதைச் செய்துவருகிறது. முழுதும் பொருந்தும் உடன்பிறப்பு, சிறு வயது, கல்லீரல் பெரிதாகாமலிருப்பது, இரும்பு நீக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்திருப்பது ஆகிய நான்கும் அமைந்தால் வெற்றி 85 முதல் 90 விழுக்காடு. வசதியைப் பார்த்துப் பிறகு செய்யலாம் என்று பத்து வயதுவரை தள்ளினால் அந்த எண் இறங்குகிறது. உடன்பிறப்பு பொருந்தும் வாய்ப்பு 4-ல் 1. கேரியராக இருப்பது கொடையாளியாகத் தடையில்லை. இந்த வீட்டில் பிறந்த தம்பியின் திசு வகை பொருந்தவில்லை. நான்கில் மூன்று குடும்பங்களில் இப்படித்தான் ஆகிறது. அதனால் பொருந்தும் குழந்தை கிடைத்துவிடும் என்ற உறுதியை யாரும் முன்கூட்டித் தரக் கூடாது. பொருந்தும் கொடையாளி கிடைத்த குழந்தைகளுக்கு, கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியில் நடக்கும் தலசீமியா பால் சேவா திட்டம் 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் கிடைத்துள்ளது. அதன் விலை இன்று எந்தச் சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டாதது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தலசீமியாவும் ஒன்று. அதற்கான சான்றிதழ் வாங்க முதல் எச்.பி.எல்.சி. அறிக்கையின் அசலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதைத் தொலைத்துவிட்டு, ரத்தம் ஏற்றிய பின் எடுத்த குழப்பமான அறிக்கையோடு அலைபவர்கள் பலர்.

உறவினர்கள்

தாய்க்கு வந்த பிழை அவளுடைய அம்மா வழியாகவே வந்தது என்பது இப்போது ஏறத்தாழ உறுதி, அவளும் மாமனும் ஒரே எழுத்துப் பிழையைச் சுமப்பதால். அப்படியானால் தந்தையின் உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் 2-ல் 1 வாய்ப்பு. தாயின் உடன்பிறந்தவருக்கும் அப்படியே. இந்தக் குடும்பத்தில் தாய்க்கு 19 வயதுத் தங்கை இருக்கிறாள். அத்தை மகனுக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். நிச்சயதார்த்தத் தேதி குறித்தாயிற்று.

“பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்தா ஊர்ல என்ன பேசுவாங்க?” என்ற தயக்கத்துக்கு ஒரே வழி, பையனுக்கும் அதே நாளில் எடுப்பது. சைப்ரஸில் ஏழு பேரில் ஒருவர் கேரியர். அங்கே 1980-களிலிருந்து திருமணத்துக்கு முன் இருவரும் சோதனைச் சான்று வாங்குவது வழக்கமாயிற்று. கேரியர் தம்பதியர் பெரும்பாலும் திட்டமிட்டபடியே மணந்தார்கள், கர்ப்பத்தில் சோதித்துக்கொண்டார்கள். நோயோடு பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலராகக் குறைந்தார்கள். சோதனை என்றால் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயத்துக்கு அந்த அனுபவத்தைச் சொல்லலாம்.

தங்கையின் எம்.சி.வி. 63, ஏ2 5.0: கேரியர். மணமகனின் எம்.சி.வி. 88, ஏ2 2.6: கேரியர் இல்லை. தலசீமியாவைப் பொறுத்தவரை இந்தத் திருமணத்துக்குத் தடையேதும் இல்லை. இவர்களுக்கு மேஜர் குழந்தை பிறக்காது, பிள்ளைகளில் பாதிப் பேர் கேரியராகலாம். உறவு நெருக்கம் என்பதால் பிறந்ததும் கேட்கும் திறன் சோதனையும், குதிகால் ரத்தச் சொட்டில் செய்யும் தைராய்டு உள்ளிட்ட சோதனைகளும் செய்துகொள்ளச் சொல்லப்பட்டது. தங்கையின் அறிக்கையின் நகலில் மருத்துவர் கையால் இரண்டு வரி எழுதித் தரப்பட்டிருக்கிறது: பீட்டா தலசீமியா கேரியர், கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் ஃபெரிட்டின் பார்த்த பிறகே இரும்பு, ஃபோலிக் அமிலம் தொடரவும். முதல் கர்ப்பப் பதிவின்போது அட்டையோடு அந்தத் தாளையும் செவிலியரிடம் கொடுக்க வேண்டும்.